உடல் சமைக்கும் நஞ்சு

உள்ளே சென்றவுடன் வேலையைத் தொடங்கிவிடும் நஞ்சுகள் உண்டு. சயனைடு சில நிமிடங்களிலேயே உயிரணுக்களின் மூச்சை அடைக்கிறது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்கிறது. இன்னொரு வகை நஞ்சு இப்படி நடந்துகொள்வதில்லை. உள்ளே போகும் பொருள் அப்போதைக்குப் பெரிய தீங்கு எதையும் செய்யாது. உடலின் சொந்த நொதிகள் அதைப் பிடித்து உருமாற்றும். உருமாறி வெளிப்படுவதுதான் நஞ்சு. கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணமான மெத்தனால், குழந்தைகளின் இருமல் மருந்தில் கலந்து உயிர் குடித்த டைஎத்திலீன் கிளைக்கால், அளவு மீறிய பாரசிட்டமால், வயலில் தெளிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகளில் பல ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை.

இந்த இனத்துக்கு இரண்டு இயல்புகள் உண்டு. நஞ்சு உருவாக நேரம் பிடிப்பதால், அதுவரை பாதிக்கப்பட்டவர் நலமாகவே தெரிவார் என்பது முதலாவது. உருவாக்கும் நொதியைத் தடுக்கவோ, உருவானதை உடனுக்குடன் செயலிழக்க வைக்கவோ அந்த இடைவெளியில் வழி உண்டு என்பது இரண்டாவது. முறிமருந்தின் முழுப் பயனும் கிடைப்பது இந்த அமைதியான மணி நேரங்களில்தான். “நன்றாகத்தானே இருக்கிறார், விடியட்டும், பார்க்கலாம்” என்று வீட்டில் முடிவெடுக்கப்படுவதும் இதே மணி நேரங்களில்தான். சிகிச்சை இருந்தும் மக்கள் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

உடலே நஞ்சை உருவாக்குகிறது என்ற உண்மையைத் தெளிவாக நிறுவியவர் ஆக்ஸ்போர்டு உயிர்வேதியியலாளர் ருடால்ஃப் பீட்டர்ஸ். தென்னாப்பிரிக்காவில் கால்நடைகளைக் கொன்றுவந்த ஒரு செடியின் நஞ்சு ஃபுளுரோஅசிட்டேட் என்று 1940களில் கண்டறியப்பட்டது. பிரித்தெடுத்த நொதிகளோடு சேர்த்துப் பார்த்தால் அது எதையும் தடுக்கவில்லை. உயிருள்ள திசுவோ அதைச் சாதாரண அசிட்டேட்டாகவே ஏற்று, ஆற்றல் உண்டாக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் செலுத்தி, ஃபுளுரோசிட்ரேட்டாக மாற்றிவிடுகிறது. சுழற்சி அங்கேயே நின்றுபோகிறது. உடலே நஞ்சைத் தொகுத்துத் தன்னை அழித்துக்கொள்ளும் இந்த நிகழ்வுக்குப் பீட்டர்ஸ் 1950களின் தொடக்கத்தில் ‘கொல்லும் தொகுப்பு’ என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது ஆர்சனிக் கலந்த போர்வாயுவுக்கு எதிராக டைமெர்கேப்ரால் என்ற முறிமருந்தை உருவாக்கியதும் இவருடைய ஆய்வுக்கூடம்தான். ஆர்சனிக் நச்சுக்கு அது இன்றும் கொடுக்கப்படுகிறது. ஃபுளுரோஅசிட்டேட்டுக்கு மட்டும் நம்பத்தகுந்த முறிமருந்து இதுவரை இல்லை.

இத்தகைய உருமாற்றங்கள் பெரும்பாலும் நடப்பது கல்லீரலில். அது ஏன் இப்படிச் செய்கிறது? உடலுக்குள் வரும் அன்னியப் பொருள்களைச் சிறுநீரில் வெளியேறத்தக்கவையாக மாற்றுவது அதன் அன்றாட வேலை. ஆயிரம் பொருள்களில் அந்த மாற்றம் நன்மையாகவே முடிகிறது. நொதி ஒரு மூலக்கூறின் வடிவத்தைப் பார்க்கிறதே தவிர, விளைவைப் பார்ப்பதில்லை. வடிவம் பொருந்தினால் வேலை நடக்கும்.

மெத்தனால் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. சாராயத்தில் போதை தரும் எத்தனாலில் இரண்டு கார்பன் அணுக்கள். பெயிண்ட், வார்னிஷ், சாயத் தொழில்களில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனாலில் ஒன்று. நிறம், மணம், சுவை எதிலும் குடிப்பவரால் வேறுபாடு காண முடியாது. மலிவாகக் கிடைப்பதால் கள்ளச்சாராயத்தில் கலக்கிறார்கள். கல்லீரலின் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது ஓரிரு நிமிடங்கள்கூட நிற்காமல் ஃபார்மிக் அமிலமாகிறது. சில எறும்புகளின் நஞ்சில் இருக்கும் அதே அமிலம்தான் இது. ஃபார்மிக் அமிலத்தைக் கரியமில வாயுவாக மாற்றி வெளியேற்ற ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். எலிகளின் கல்லீரலில் அது தாராளமாக இருப்பதால் மெத்தனால் கொடுத்தாலும் எலிக்குக் கண் போவதில்லை. மனிதரிடமும் குரங்குகளிடமும் அந்த வேலை மிக மெதுவாகவே நடக்கிறது. எலிகளை வைத்து நடந்த பழைய ஆய்வுகள் நீண்ட காலம் தவறான திசையில் சென்றதற்கு இது ஒரு காரணம்.

தேங்கும் ஃபார்மிக் அமிலம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியைத் தடுக்கிறது. ரத்தம் அமிலமாகிறது. ஆற்றல் அதிகம் வேண்டும் திசுக்கள் முதலில் அடிபடுகின்றன. விழித்திரையும் கண் நரம்பும் அப்படிப்பட்டவை. மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் புட்டாமென் என்ற பகுதியும் அப்படிப்பட்டதே. பார்வை மங்குகிறது, எதிரே வெண்பனி கொட்டுவதுபோல் தெரிகிறது என்று நோயாளிகள் சொல்வார்கள். வயிற்றுவலி, வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வலிப்பு, நினைவிழப்பு என்று தொடர்ந்து முற்றும்.

இவை தொடங்கப் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே சாதாரண மதுவும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். முந்தின இரவு குடித்தவர் மறுநாள் காலையில் தலைவலியோடு எழுந்தால், வழக்கமான போதைத் தெளிவு என்று வீடு நினைத்துக்கொள்கிறது. 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் மதுராந்தகம் பகுதியிலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலும் கூலித் தொழிலாளர்களின் குடும்பங்கள். ஒரு தெருவில் ஒருவருக்குப் பார்வை மங்கியதென்றால், அதே இடத்தில் வாங்கிக் குடித்த அனைவரையும் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்காமலே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். இத்தகைய நிகழ்வில் உயிர்களைக் காக்கும் முதல் வேலை வீடு வீடாகச் சென்று, நலமாகத் தெரிபவர்களைத் தேடிப் பிடிப்பதுதான்.

மெத்தனாலின் முறிமருந்து கேட்பவர்களை வியக்கவைக்கும்: எத்தனால். அதே நொதி எத்தனாலை மெத்தனாலைவிடப் பத்து முதல் இருபது மடங்கு விரும்பிப் பிடிக்கிறது. ரத்தத்தில் எத்தனால் போதிய அளவு இருக்கும்வரை மெத்தனால் மாற்றப்படாமல் கிடந்து, மூச்சிலும் சிறுநீரிலும் டயாலிசிஸிலும் வெளியேறுகிறது. இரண்டையும் சேர்த்துக் குடித்தவர்களுக்குப் பாதிப்பு தாமதமாவதையும் குறைவாக இருப்பதையும் கவனித்து, ரத்த அமிலத்தன்மையைச் சரிசெய்வதன் தேவையையும் வலியுறுத்தியவர் நார்வே நாட்டுக் கண் மருத்துவர் ஓலுஃப் ரோ. அது 1940களில். 1951-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒரே கள்ளச்சாராய நிகழ்வில் 323 பேர் பாதிக்கப்பட்டு 41 பேர் இறந்தபோது, நோயின் முழுப் போக்கும் விரிவாகப் பதிவாயிற்று.

எத்தனாலைச் சிகிச்சையாகக் கொடுப்பது எளிய வேலையல்ல. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் என்ற அளவில் அது நிற்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் மூச்சு மந்தமாகும், சர்க்கரை இறங்கும். டயாலிசிஸ் செய்யும்போது எத்தனாலும் சேர்ந்து வெளியேறுவதால் அளவைக் கூட்ட வேண்டும். “இன்னும் கொஞ்சம் குடித்தால் சரியாகிவிடும்” என்ற எண்ணத்தோடு வீட்டில் இதைச் செய்வது கொலைக்குச் சமம். ஃபோமெப்பிசோல் என்ற மருந்து அதே நொதியைப் பல ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பற்றித் தடுக்கிறது, போதை தருவதில்லை, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எத்திலீன் கிளைக்காலுக்கு 1997-இலும் மெத்தனாலுக்கு 2000-இலும் அனுமதித்தது. 2013-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது சேர்ந்தது. விலை அதிகம் என்பதால் ஏழை நாடுகளில் எத்தனாலே இன்னும் பெரும்பாலும் பயன்படுகிறது. ஒழுங்காகக் கண்காணித்துக் கொடுத்தால் அதுவும் உயிர் காக்கும்.

ஏற்கெனவே உருவான ஃபார்மிக் அமிலத்தை இந்த இரண்டு மருந்துகளும் ஒன்றும் செய்யா. அதற்கு வேறு வழிகள் வேண்டும். சோடியம் பைகார்பனேட் ரத்தத்தின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. ஃபோலினிக் அமிலம், உடல் ஃபார்மிக் அமிலத்தை எரிக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. டயாலிசிஸ் மெத்தனாலையும் அமிலத்தையும் ஒருசேர வெளியேற்றுகிறது. பார்வை மங்கிய நிலையில் வருபவருக்கு டயாலிசிஸைத் தள்ளிப்போடக் கூடாது.

எத்திலீன் கிளைக்காலை வண்டிகளின் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் காணலாம். அதே நொதி அதைப் படிப்படியாக மாற்றி ஆக்சாலிக் அமிலத்தில் கொண்டுபோய் முடிக்கிறது. ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகக் குழல்களை அடைக்கும். முறிமருந்துகள் மெத்தனாலுக்கு உரியவையே.

அதன் உறவான டைஎத்திலீன் கிளைக்காலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது மருந்துப் புட்டியின் வழியாகக் குழந்தைகளிடம் வருகிறது. சிரப்புகளில் கரைப்பானாகச் சேரும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் ஆகியவற்றைப் போலவே இதுவும் இனிப்பான, குழகுழப்பான திரவம், விலையோ குறைவு. தொழிற்சாலைத் தரக் கரைப்பானை மருந்துத் தரம் என்று விற்பதாலும், வாங்கியதைச் சோதிக்காமல் கலப்பதாலும் நஞ்சு உள்ளே நுழைகிறது. கல்லீரலில் இது டைகிளைக்காலிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் சிறுநீரகக் குழல்களின் உயிரணுக்களில் சேர்ந்து அவற்றைக் கொல்கிறது. காய்ச்சல், சளிக்கு மருந்து குடித்த குழந்தைக்கு முதலில் வாந்தி, பிறகு சிறுநீர் குறைந்து அடியோடு நின்றுபோதல், கடைசியாக நரம்புத் தளர்ச்சி என்று போகும்.

1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை இதில் கரைத்து விற்றதில் 105 பேர் இறந்தனர். மறு ஆண்டே, மருந்தை விற்பதற்கு முன் அதன் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது. இந்தியாவில் 1972-இல் சென்னையில் குழந்தைகள் இறந்தனர். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்பட கிளிசரினால் 14 பேர் இறந்தனர். அதை விசாரித்தது நீதிபதி லெண்டின் ஆணையம். 2022-இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தனர். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்தச் சிரப்பில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டது. அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.1 விழுக்காடு. ஒவ்வொரு முறையும் அதே பொருள், அதே தவறு. நொதியைத் தடுக்கும் ஃபோமெப்பிசோல் மிகத் தொடக்கத்தில் பயன்படலாம் என்பதற்கு அறிவியல் அடிப்படை இருந்தாலும், குழந்தை மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டிருக்கும். ஆகவே இந்த நஞ்சுக்கு எதிரான உண்மையான காவல் ஆலையின் சோதனைக்கூடத்திலேயே இருக்க வேண்டும். கரைப்பானின் ஒவ்வொரு பீப்பாயையும் கலப்பதற்கு முன் சோதிப்பது பெரிய செலவுள்ள காரியமல்ல.

பாரசிட்டமாலின் கதை வேறு. உரிய அளவில் அது மிகப் பாதுகாப்பான மருந்து. கல்லீரல் அதன் பெரும்பகுதியைக் குளுக்குரோனிக் அமிலத்தோடும் சல்ஃபேட்டோடும் இணைத்து வெளியேற்றுகிறது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு மட்டும் வேறொரு நொதியிடம் சென்று, எளிதில் வினைபுரியும் ஒரு கொடிய பொருளாகிறது. கல்லீரல் உயிரணுக்களில் உள்ள குளூட்டாதயோன் அதை உடனே பிணைத்துச் செயலிழக்கச் செய்கிறது. அளவு மீறும்போது முதல் இரண்டு வழிகளும் நிரம்பிவிடுகின்றன, கொடிய பொருள் பெருகுகிறது, குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது. பிணைக்க வேறொன்றும் கிடைக்காத நஞ்சு கல்லீரலின் புரதங்களையே பற்றிக்கொள்ள, உயிரணுக்கள் செத்துப்போகின்றன. இந்த வழிமுறையை 1973-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

விளக்கம் கிடைத்ததும் மருந்தும் கிடைத்தது. நச்சியலில் இவ்வளவு விரைவாக அறிவு சிகிச்சையாக மாறியது அரிது. தீர்ந்துபோன குளூட்டாதயோனை நிரப்பினால் போதும். குளூட்டாதயோனை நேரடியாகக் கொடுத்தால் உயிரணுவுக்குள் எளிதில் நுழையாது; அதைச் செய்யத் தேவையான மூலப்பொருளைக் கொடுக்க வேண்டும். சளியை இளக்க ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த அசிட்டைல்சிஸ்டீன் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. எடின்பரோவின் லாரி பிரெஸ்காட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1970களின் பிற்பகுதியில் அதைச் சிரைவழி செலுத்தி அதன் பயனை நிறுவினார்கள். எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் ஏறத்தாழ முழுமையாகக் காப்பாற்றப்படுகிறது. அதற்குப் பின் பயன் படிப்படியாகக் குறையும். ஆனாலும் தாமதமாக வந்தவர்களுக்கும் கொடுக்கத்தான் வேண்டும். விழுங்கி நான்கு மணி நேரத்துக்குப் பின் எடுத்த ரத்தத்தில் உள்ள பாரசிட்டமால் அளவை, ருமாக், மேத்யூ என்ற மருத்துவர்கள் 1975-இல் வெளியிட்ட வரைபடத்தில் பொருத்திச் சிகிச்சை தேவையா என்று முடிவு செய்வார்கள். அந்த அளவைப் பார்க்கும் வசதி இல்லாத இடத்தில் முடிவுக்காகக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவதே சரி.

இங்கும் அமைதி ஏமாற்றும். முதல் நாள் குமட்டலைத் தவிர ஒன்றும் இராது. இரண்டாம் நாள் வலப்பக்க மேல்வயிற்றில் வலி. மூன்றாம், நான்காம் நாளில்தான் மஞ்சள் காமாலை, ரத்தக்கசிவு, மயக்கம். முறிமருந்துக்கு உரிய காலமெல்லாம் நோயாளி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கும் காலம்.

வேண்டுமென்றே விழுங்குவதால் மட்டுமே இது நேர்வதில்லை. ஒரே பாரசிட்டமால் பல வணிகப் பெயர்களில் வருகிறது. சளி மாத்திரையிலும் உடல்வலி மாத்திரையிலும் வேறு மருந்துகளோடு கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று மூன்று அட்டைகளிலிருந்து விழுங்குபவர், பெரியவர்களுக்கான நாளொன்றுக்கு 4 கிராம் என்ற உச்சவரம்பைத் தெரியாமலே தாண்டிவிட முடியும். நாள்தோறும் குடிப்பவருக்கும் பட்டினி கிடந்தவருக்கும் ஆபத்து முன்கூட்டியே வரும். குழந்தைகளுக்கான திரவ மருந்து இன்னும் கவலைக்குரியது. சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் கிடைக்கிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். சொட்டு மருந்தைச் சிரப் என்று எண்ணிக் கரண்டியால் ஊற்றினால் நான்கு மடங்கு வரை போய்விடும். மருந்துக்கடைக்காரர் புட்டியைக் கையில் கொடுக்கும்போது அளவைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

பூச்சிமருந்துகளில் பாரத்தியான், மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் போன்றவற்றில் பாஸ்பரஸோடு கந்தக அணு இணைந்திருக்கும். கல்லீரல் நொதிகள் கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கின்றன. அந்த ஒரு மாற்றத்தில் பொருளின் வீரியம் பலமடங்காகிறது. அது நரம்புமுனைகளில் அசிட்டைல்கோலினை அழிக்கும் நொதியை முடக்க, செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் பெருகும், நுரையீரல் நீரால் நிரம்பும், நாடி தளரும், தசைகள் துடித்து ஓயும். 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் சிந்திய கோதுமை மாவை உண்டு 100-க்கும் மேற்பட்டோர் இறந்தது இந்திய நச்சியல் வரலாற்றில் மறக்கக் கூடாத நிகழ்வு. உணவும் பூச்சிமருந்தும் ஒரே கப்பலில் வந்திருந்தன.

அட்ரோப்பின் இதற்கு முதன்மையான முறிமருந்து. நெஞ்சில் நீர் வற்றி மூச்சொலி தெளியும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவை இரட்டித்துக் கொடுப்பார்கள். கண்மணி விரிந்ததா என்பதைவிட நெஞ்சு தெளிந்ததா, அக்குள் உலர்ந்ததா, நாடியும் ரத்த அழுத்தமும் ஏறினவா என்பவையே சரியான அளவுகோல்கள். முடங்கிய நொதியை மீட்க 1950களில் இர்வின் வில்சன் உருவாக்கிய பிராலிடாக்சைம், கோட்பாட்டின்படி மிக அழகானது. நொதியோடு ஒட்டிய நஞ்சு காலப்போக்கில் நிரந்தரமாக இறுகிவிடுவதால், சில பூச்சிமருந்துகளில் நான்கு மணி நேரத்திலேயே பாதி நொதி மீட்க முடியாததாகிவிடுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இலங்கையிலும் நடந்த ஆய்வுகளில் இம்மருந்தால் எதிர்பார்த்த பயன் தெரியவில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்த ஆய்வில் தெரிந்தது. கருத்து இன்றும் ஒன்றுபடவில்லை. அட்ரோப்பினும் மூச்சுக்கான வெண்டிலேட்டரும்தான் உயிர் காப்பவை என்பதில் ஐயமில்லை. முதல் நெருக்கடி தாண்டியபின் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் திடீரெனச் செயலிழக்கும் நிலையை 1987-இல் விளக்கியவர்கள் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரல்லியத்தவும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று அடிக்கடி பார்ப்பது அதனால்தான்.

இலங்கை இன்னொன்றையும் காட்டியது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளின் இறக்குமதியை 1995 முதல் படிப்படியாக நிறுத்தியதும், அடுத்த பத்தாண்டில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எந்த முறிமருந்தும் இவ்வளவு உயிர்களைக் காத்ததில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை சில, கூடாதவை பல. உப்புக் கரைசல், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், சாணக் கரைசல் புகட்டி வாந்தியெடுக்க வைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். உப்பு ரத்தத்தின் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். பூச்சிமருந்து பட்டிருந்தால் உடையைக் களைந்து உடலைத் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. மயங்கியவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும். குடித்த புட்டி, அட்டை, பொட்டலம் எதுவாயினும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எத்தனை மணிக்கு நடந்தது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் கொடுக்கும் செயலூட்டிய கரித்தூள் பாரசிட்டமாலைக் குடலிலேயே பிடித்துவைக்கும், மெத்தனாலைப் பிடிக்காது. ஐயம் எழும் மருத்துவர்களும் பொதுமக்களும் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.

உயிர் பிழைத்தவர்களின் பின்னாள் நிலை நஞ்சுக்கு நஞ்சு மாறும். பாரசிட்டமாலிலிருந்து மீண்ட கல்லீரல் தழும்பின்றி வளர்ந்து முழுமையாகச் சரியாகிவிடும். மெத்தனாலில் பார்வை ஓரளவு திரும்பிப் பிறகு மீண்டும் மங்குவதுண்டு. சிலருக்குக் கை நடுக்கமும் உடல் விறைப்பும் நிலைத்துவிடும். சில பூச்சிமருந்துகளுக்குப் பின் இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் நரம்புகள் தளரலாம். ஆகவே வீடு திரும்பியபின்னும் கண் மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் காட்ட வேண்டியிருக்கும். மனம் உடைந்து நஞ்சு அருந்தியவரை மனநல மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசுகிறது. வீட்டாரும் அதை அழைக்கலாம்.